அளவெடுத்த பொய்கள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"இன்சூரன்ஸுங்க" என்றார் அக்கா.

போன வாரம் இதே பஸ்ஸில் இதே கேள்விக்கு "சத்துணவுல இருக்கேன்" என்று சொன்னவர். அதற்கு முந்தின தடவை இன்னும் மோசம். "பொண்ணு பாக்கப் போறோம். இவ மாப்பிள்ளைக்குத் தங்கச்சி" என்று என்னையும் சேர்த்துக் கோத்துவிட்டார். இறங்கும்வரைக்கும் இல்லாத அண்ணனின் படிப்புக்கும் நிறத்துக்கும் குணத்துக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று பக்கத்து சீட்டுக் கிழவர் ஒருவர் கேட்டபோது, நான் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்: "காப்பி கூட குடிக்க மாட்டாங்க."

இப்படி ஒருவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. குள்ளம், அகலமான உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத வேக நடை. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. பொய் சொல்லும்போது குரல் குழைந்து மெதுவாக வரும், பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிடுகிற மாதிரி. உண்மை சொல்லும்போதுதான் அவரிடம் ஒரு கடுமை வரும். படபடவென்று, முன்னுரை இல்லாமல், பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி சொல்லிவிடுவார்.

அரியலூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அவர் ஆலோசகர். கர்ப்பிணிகள் சோதனைக்கு வரும்போது எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்ப்பார்கள். எதற்கு இந்தச் சோதனை என்று முன்னால் விளக்க வேண்டும். முடிவைப் பின்னால் சொல்ல வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தவர்களைப் பிரசவம்வரைக்கும், அப்புறம் குழந்தைக்கு ஒன்றரை வயதாகி அதற்கும் சோதனை முடிகிறவரைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது அவர் வேலை. நான் திருச்சியில் சமூகப்பணி படித்து முடித்த சூட்டோடு பெரம்பலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, அந்தப் பெண்களின் ஊர்களுக்குப் போய்வரும் வேலையில் இருந்தேன். என் படிப்பையே எனக்குப் பெயராக வைத்துவிட்டார் அக்கா. "ஏ எம்மெஸ்டபுள்யூ, கெளம்பு!"

மாவட்டத்தைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்களுக்கு அரியலூரும் பெரம்பலூரும் ஒன்றுதான். பெண்கள் கல்யாணமாகி இந்தப் பக்கம் வருவார்கள், தலைப்பிரசவத்துக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போவார்கள். ரத்தம் எடுத்த இடம் ஒன்று, பிள்ளை பிறக்கிற இடம் வேறு. நாங்கள் பின்னாலேயே ஓடுவோம்.

ஓடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்த யாராவது ஒருத்தர் ஊரில் அவரை அடையாளம் கண்டால் போதும். 'எய்ட்ஸ் டீச்சர் அந்த வூட்டுக்கு வந்துட்டுப் போறாங்க' என்று தெருவே அந்த வாசலை வேறு மாதிரி பார்க்கும். அதனால் அக்கா ஒரு பெரிய ரெக்ஸின் பையில் சேலைகளை அடைத்துக்கொண்டு போவார். புடவைக்காரி. சும்மா கண்துடைப்புக்கு நாலு சேலை வைத்திருந்தார், ஆனால் ஊர்ப்பெண்கள் சும்மா விடுவார்களா? "அந்த அரக்குல சின்ன பார்டர் இருக்கா?" "இதே டிசைன்ல பச்சை அடுத்த தடவை எடுத்தாங்க." கடைசியில் அக்கா திருச்சிக்குப் போய் நிஜமாகவே சேலை வாங்கிவர வேண்டியதாயிற்று. பச்சையில் சின்ன பார்டர் கிடைக்கவில்லை என்று ஒருநாள் முழுக்க அவர் கவலைப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் ஒப்பவே இல்லை. மறைக்க மறைக்கத்தான் பயம் வளரும், பேசினால்தான் உடையும் என்று படித்து வந்தவள் நான். அதையே பள்ளிக்கூட மைதானங்களில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டுமிருந்தேன். பேசி முடித்த கையோடு புடவைக்காரிக்குத் துணையாகப் பஸ் ஏறுவது நாக்கில் கசந்தது.

"மேடையில பேசு, நல்லா பேசு" என்பார் அக்கா. "ஊரு என்னைக்கு மாறுதோ அன்னைக்கு நான் இந்தப் பையைத் தூக்கிப் போட்டுடறேன். அதுவரைக்கும் அவ அந்த வூட்லதானே சோறு தின்னணும்?"

அவர் பொய்களிலேயே மிகக் கெட்ட பொய் எது என்று அவரே ஒருமுறை சொன்னார்.

ஆரம்பத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே காரணம்தான் வைத்திருந்தாராம். இந்த நோய் தாய்ப்பாலிலும் இறங்கும். புட்டிப்பால் கொடுப்பதென்று ஒரு தாய் முடிவெடுத்துவிட்டால் அப்புறம் தாய்ப்பால் ஒரு சொட்டும் கூடாது. இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆனால் பெற்றவள் பால் கொடுக்காமல் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் ஏன் என்று கேட்காமல் இருப்பார்களா? அதற்கு அக்கா வைத்திருந்த பதில், தாய்க்கு மஞ்சக்காமாலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் எவரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். நாட்டு மருந்துதான். செந்துறைப் பக்கத்தில் ஒரு பெண்ணை, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், கீழாநெல்லி அரைத்து ஊற்றி, உப்பில்லாப் பத்தியத்தில் போட்டுவிட்டார்கள். வெறும் மோர்ச்சோறு தின்று அந்தப் பெண் பாயோடு சுருண்டுவிட்டாள்.

அக்கா நேராக அந்த வைத்தியரிடமே போனார். "நீங்க குடுத்த மருந்துல சுத்தமா எறங்கிடுச்சுங்கய்யா. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துட்டு டாக்டரே அசந்துட்டாரு" என்றார். வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாயாலேயே பத்தியம் முறிந்தது.

"பொழைச்சுக்கிட்டா. ஆனா அந்த ஆளு அதுக்கப்புறம் வர்ற காமாலைக்காரங்ககிட்டயெல்லாம் 'ஆஸ்பத்திரியிலேர்ந்தே வந்து பாராட்டிட்டுப் போனாங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டான். அதை நம்பி எத்தனை பேரு ஆஸ்பத்திரிக்கு வராம போனாங்களோ." குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அன்னையிலேர்ந்து அளவெடுத்துத்தான் தைக்கிறேன்."

அளவெடுப்பது என்றால் நிஜமாகவே அளவெடுப்பார். அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். உங்க வூட்ல யார் சமைக்கிறது? மாத்திரை அட்டையில எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது உண்டா? இதுக்கு முன்னாடி யாருக்கு என்ன நோவு வந்துது? எந்த நோவுக்கு எந்தக் கோயிலுக்குப் போவீங்க? எல்லாம் கேட்டுவிட்டு, அந்த வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு காரணத்தைத் தைத்துக் கொடுப்பார்.

வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி மாதாமாதம் அரியலூர் வந்தாக வேண்டும். அவளுக்கு ஏலாக்குறிச்சி மாதாவுக்கு ஒரு வேண்டுதலைக் கட்டிவிட்டார். மாதம் ஒரு தடவை கோயில், வழியில் ஆஸ்பத்திரி. தெருவே அவள் பக்தியை மெச்சியது. ஒரு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் அவளை ஏலாக்குறிச்சி பஸ்ஸில் பார்த்தேன். "எங்கே?" என்றேன். "கோயிலுக்குத்தாங்க" என்றாள், நான் கேட்டதே விசித்திரம் என்பது போல.

குடும்பத்துக்குப் பொய், தெருவுக்குப் பொய், பஸ்ஸுக்குப் பொய். அந்தப் பெண்களுக்கு மட்டும் கிடையாது. இது எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. கோமதிக்கு முடிவு சொன்ன அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

கோமதி என்பது அவள் பெயரில்லை. மாற்றியிருக்கிறேன். அக்கா இதைப் படித்தால் ஊரையும் மாற்று என்பார். கீழப்பழுவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், இருபது வயதிருக்கும், ஏழாம் மாதம். கல்யாணத்துக்கு எடுத்த நைலக்ஸ் சேலையில் வந்திருந்தாள். அக்கா கதவைச் சாத்தினார், எதிரே உட்கார்ந்தார்.

"கோமதி, உன் ரத்தத்துல எச்.ஐ.வி. இருக்கு."

அவ்வளவுதான். நான்தான் பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்பைத் தேடினேன்.

கோமதி கேட்டாள்: "தப்பா இருக்குமாக்கா?"

"மூணு விதமா பாத்தாச்சு. தப்பில்ல."

"புள்ளைக்கு?"

"வரலாம். வராமலும் போகலாம். வலி எடுத்ததும் நீ போட ஒரு மாத்திரை இருக்கு. பொறந்ததும் புள்ளைக்கு ஊத்த ஒரு மருந்து இருக்கு. ரெண்டும் குடுத்தா வராம இருக்க நல்ல வாய்ப்பு. ஆனா கண்டிப்பா வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லலாம்ல அக்கா" என்று கோமதி போனதும் நான் கேட்டேன். "ஒரு தைரியத்துக்காவது?"

"அவகிட்டயும் பொய் சொன்னா அப்புறம் அவ யாரைத்தான் நம்புவா?" இதைச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிடப் போய்விட்டார்.

கோமதியின் புருஷன் லாரிக்குப் போகிறவன். அவனுக்கும் சோதனை செய்து, அவனுக்கும் சொல்லியாயிற்று. எழுந்து லாரிக்குப் போனவன், அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை. மாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் கோமதியை அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார், திரும்பக் கூப்பிட மாட்டார். இதைக் கோமதியே சொன்னாள், அழாமல் சொன்னாள்.

எனவே அளவெடுத்து, இந்தத் தடவை 'நெஞ்சு பலவீனம்'. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், அது பாலில் இறங்கும், அதனால் பிள்ளைக்குப் பால்பவுடர்தான். மாமியார் பலத்த குரல்காரர்.

"நெஞ்சு பலவீனமா? கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க அம்மா வாயத் தொறக்கலையே?"

"புள்ளத்தாய்ச்சியா இருக்கறப்ப சிலருக்கு வர்றதுங்கம்மா" என்று குழைந்தார் அக்கா. "கனத்தைத் தூக்க விடாதீங்க. குனிஞ்சு பெருக்க விடாதீங்க."

"அப்ப இவளை உக்கார வெச்சு நான் ஆக்கிப் போடணும்?"

"ஆமாங்க."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போனதும் அக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "காமாலையில இந்த வசதி இல்ல பாத்தியா?"

ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு, ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மாத்திரையும் கூடவே போயிற்று. "வலி வந்தா முதல்ல இதை முழுங்கு, அப்புறம் கத்து" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். முழுங்கிவிட்டுத்தான் கத்தினாளாம். பெரம்பலூரில் பிரசவம், பையன். மறுநாளே மருந்தையும் ஊற்றியாயிற்று. அக்கா அன்று எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் ஆபீசுக்குப் போன். கோமதி, ஒரு ரூபாய் டப்பா போனிலிருந்து.

"அக்காகிட்ட சொல்லிடுங்க. எங்க அண்ணி புள்ளைக்குப் பால் குடுத்துட்டாங்க."

"எப்ப?"

"நேத்து. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள. இன்னைக்கும் குடுக்கறேங்கறாங்க. நான் என்ன சொல்லி..." காசு தீர்ந்துவிட்டது.

கோமதியின் அண்ணன் மனைவிக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அவரால் கோமதியின் பிள்ளைக்கு ஒன்றும் வராது. ஆனால் பிள்ளைக்கு ஏற்கனவே இருந்து, வாயில் ஒரு புண்ணும் இருந்து, அண்ணியின் மார்புக் காம்பிலும் வெடிப்பு இருந்தால்? அரிதுதான், ஆனாலும் நடக்கக்கூடியது. அவரிடமிருந்து அப்புறம் அவர் மகளுக்கு. கோமதிக்கு இதெல்லாம் தெரியும், ஏனென்றால் அக்கா அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

அன்றைக்கே சேலைப் பையோடு போய் இறங்கினோம். அண்ணி நல்ல வாட்டசாட்டமான, சிரித்த முகக்காரி. பருத்திக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வீட்டாருக்கு அக்கா ஆஸ்பத்திரிக்காரி என்று தெரியும்; சேலையெல்லாம் தெருவுக்குத்தான்.

"என்னங்க பண்ணச் சொல்றீங்க?" என்றார் அண்ணி. "என் நாத்தனா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. இந்தப் பய பவுடர் தண்ணியக் குடிச்சிட்டுத் தொண்டை கிழியக் கத்தறான். எம்மவ குடிச்சது போவ மிச்சத்த இவனுக்கும் மார்ல வெச்சுக் குடுக்கறேன். பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன கல்லா?"

கோமதி மூலையில் பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரைக் கண்ணில் வைத்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பிள்ளையைக் கையில் வாங்கினார். அந்தப் பக்கம் தூளியில் கிடந்த பெண் குழந்தையை எட்டிப் பார்த்தார். குரல் குழைந்தது.

"உன்னை மாரி மனசு யாருக்கு வரும்? அதெல்லாம் சரி. இவன் உனக்கு மருமவன் முறைதானே?"

"பின்ன? எம் மாப்பிள்ளை!"

"ஒரே மார்ல குடிச்சா ரெண்டும் அண்ணன் தங்கச்சியில்ல ஆயிடும்? நாளைக்கு முறை பேச முடியுமா?"

அண்ணி வாயில் கையை வைத்தார். "அடியாத்தே!" கோமதியின் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "நான் அப்பவே நெனச்சேன், சொன்னா இவ கோச்சிக்குவான்னு பேசாம இருந்தேன்." "நேத்து ஒரு தடவை குடிச்சானேம்மா, அதுக்கு என்ன பண்றது?" என்றார் அண்ணி. "ஒரு தடவைக்குக் கணக்கில்ல" என்று தீர்ப்பளித்தார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி தூளியை ஆட்டி, "ஏண்டி, உம் புருஷனுக்குப் பாலைப் பங்கு குடுக்கப் பாத்தேனே" என்றார். கோமதி மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் வெடித்தேன். "அந்த அண்ணிக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இல்லையாக்கா?"

"இருக்கு."

"அப்பறம்?"

"இருக்குன்னுதானே சொல்றேன். கோமதிக்கும் இருக்கு, வெளிய தெரியாம வாழறதுக்கு. ரெண்டும் ஒரே வூட்டுக்குள்ள இருக்கு. நான் எதை எடுக்கட்டும், நீயே சொல்லு."

லாரிகள் காதை அடைத்துக்கொண்டு போயின. அக்கா செய்தது சரியென்று என்னால் இப்போதும் முழுதாகச் சொல்ல முடியாது.

ஆனால் அவர் அதை அப்படியே விடவில்லை. கிருமி அண்ணிக்குள் போயிருந்தாலும் ரத்தத்தில் தெரியக் கொஞ்ச காலமாகும் என்பதால் மூன்று மாதம் பொறுத்திருந்தார். அப்புறம் என் நிறுவனத்தின் உயிரை எடுத்து, அந்த ஊரிலேயே பால் கொடுக்கிற தாய்மார்களுக்கென்று ஒரு முகாம் போடவைத்தார். வேன் வந்தது, டாக்டரம்மா வந்தார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டோம். ரத்தசோகை பார்க்கிறோம், கூடவே எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம், இஷ்டமில்லாதவர்கள் வேண்டாம் என்று ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாக எடுத்துச் சொல்லி, சம்மதம் கேட்டு. அக்கா அதில் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஊர்ப்பெண்கள் முழுக்க வரிசையில் நின்றார்கள். அண்ணியும் நின்றார், சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அந்த வரிசை முழுவதும் அவர் ஒருத்திக்காக நிற்கிறது என்பது அக்காவுக்கும் எனக்கும் கோமதிக்கும் மட்டும்தான் தெரியும்.

அண்ணிக்கு ஒன்றுமில்லை. முடிவைக் கேட்டுவிட்டுப் போகும்போது, "எம் மருமவன் கீழப்பழுவூர்ல எப்புடி இருக்கானோ, பாத்தா சொல்லுங்க" என்றார். அதுவரைக்கும் தெம்பாக இருந்த அக்கா, அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முறைன்னு வெளையாட்டுக்குச் சொன்னதை மனசுல வெச்சிக்கிட்டாங்க" என்றார்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தால் தாயின் ரத்தச் சாயல் பிள்ளையிடமும் காட்டும், நம்ப முடியாது. அந்த ஒன்றரை வருஷமும் கோமதி ஒரு தவறும் செய்யவில்லை. கொதிக்கவைத்த தண்ணீர், கழுவின பாலாடை, நாங்கள் கொடுத்த பால்பவுடர் டின். பையன் நடந்தான், 'தாத்தா' சொன்னான், சளி பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. ஒவ்வொரு சளிக்கும் கோமதி எங்களிடம் வந்துவிடுவாள். "சாதாரண சளியாக்கா?" "தெரியல கோமதி." அக்காவின் பதில் ஒவ்வொரு தடவையும் இதேதான்.

முடிவு வந்த அன்று மாமியாரும் கூட வந்திருந்தார். பையனை வெளி பெஞ்சில் வைத்துக்கொண்டு பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அறைக்குள் நாங்கள் மூன்று பேர். அக்கா கதவைச் சாத்தினார், எதிரே உட்கார்ந்தார்.

"கோமதி, புள்ளைக்கு இருக்கு."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பையன் எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தான்.

"மாத்திரை போட்டேனேக்கா."

"போட்ட."

"பால் ஒரு சொட்டு குடுக்கல. மாரு கட்டி, கொதிச்சு, காய்ச்சலே வந்துது. குடுக்கல."

"தெரியும் கண்ணு. நீ எதையும் விடல. சில புள்ளைக்கு வயித்துல இருக்கறப்பவே வந்துடும். அந்த மாத்திரை அதுக்கு எட்டாது."

கோமதி தலையை நிமிர்த்தினாள். "எல்லாருக்கும் சொல்றீங்க. எங்க அத்தைக்கு, எங்க அண்ணிக்கு, ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. இவனுக்கு இல்லன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன்."

அக்கா வாயைத் திறந்தார். பஸ் நிற்பதற்குள் ஒரு கல்யாணத்தையே கட்டி முடிக்கிறவர். உதடு அசைந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது. மைக் பிடித்துப் பேசியதெல்லாம் எங்கே போயிற்றோ, சொல்லுங்கக்கா, சொல்லித் தொலையுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"வரல கோமதி" என்றார் அக்கா. "உங்கிட்ட எனக்குப் பொய் வரல."

கோமதி அழுதாள். சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் படபடவென்று சொல்ல ஆரம்பித்தார். குழந்தைகளுக்கான மருந்து இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது, திருச்சிக்குப் போகலாம். எப்போது தொடங்குவது என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். தொடங்கினால் தினம் கொடுக்க வேண்டும், ஒரு வேளை விடக் கூடாது, வாழ்நாள் முழுக்க. கொடுத்தால் வளர்வான், பள்ளிக்கூடம் போவான். எத்தனை வருஷம் என்று தெரியாது. இதில் ஒன்றைக்கூட இனிப்பாக்கவில்லை. கோமதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எந்த பஸ், எந்தக் கிழமை, காலையில் சாப்பிடாமல் கூட்டிவர வேண்டுமா என்று கேட்டாள்.

"ஏ கோமதி! என்னதான் சொல்றாங்க? பஸ்ஸுக்கு நேரமாவல?" வெளியிலிருந்து மாமியார்.

அக்கா எழுந்தார். அவர் முகம் மாறியது. அந்தக் குழைவு வந்து உட்கார்ந்தது. கதவுப் பக்கம் ஓரடி வைத்தார். கோமதி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தானே கதவைத் திறந்து வெளியே போனாள்.

"ஒண்ணுமில்லீங்கத்தே. ரத்தத்துல சத்து பத்தலையாம். திருச்சியில மருந்து தர்றாங்களாம், மாசாமாசம் கூட்டிட்டுப் போவணுமாம்."

"மண்ணு திங்கறான்ல! நான் சொன்னேன்ல, நீ எங்க கேட்ட?"

"ஆமாங்கத்தே, அதாங்கறாங்க டாக்டரும். நீங்க சொன்னதேதான்."

மாமியாருக்குத் திருப்தி. பையனின் வாயைத் துடைத்துவிட்டு, "இனிமே மண்ண வாயில வெப்பியாடா?" என்று செல்லமாகக் கன்னத்தில் தட்டினார். கோமதி அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வளர வளர சரியாயிடுமாங்கத்தே" என்றாள். குரல் மெதுவாக, குழைந்து வந்தது.

அதை அக்கா சொல்லவில்லை. உள்ளே அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

மூவரும் வெயிலில் இறங்கி, மரத்தடியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்கள். அடுத்த பெண் சீட்டோடு வந்து வாசலில் நின்றிருந்தாள். அக்கா கதவுநிலையைப் பிடித்தபடி, அவளுக்கு வழிவிடக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.